ஒல்லாந்தர் சண்டையும் உன் கலியாணமும்

அன்புள்ள மகனுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்குவார்கள். எனக்குக் கேட்கத் தேவையில்லை. நீ என்னோடு கோபமாக இருக்கிறாய். கலியாணத்துக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது, பெற்ற தாய்க்கு உன்னிடமிருந்து ஒரு போன் இல்லை. நான் எடுத்தால் நீ எடுக்காமல் விட்டுவிடுவாயோ என்ற பயத்தில் நானும் எடுக்கவில்லை. எடுத்தாலும் போனில் நான் ஒழுங்காகக் கதைக்க மாட்டேன். நியாயம் கதைப்பேன், நடுவில் உன் அப்பாவை இழுப்பேன், கடைசியில் அழுது உன் வாயை அடைத்துவிடுவேன். என் குணம் உனக்குத் தெரிந்ததுதானே. எழுதும்போது அந்த வித்தை ஒன்றும் பலிக்காது. அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு மார்க்கம் நகரத்தில் நீ கட்டப்போகிற அனுஷாவின் தாய் தகப்பன் வீட்டில் நான் பேசியதை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் அதை நான் ஒருமுறை முழுதாகச் சொல்ல வேண்டும். இத்தனை நாளும் எனக்குள்ளே நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் என் பக்கத்துக்குக் கொஞ்சம் வெள்ளையடித்தே பார்த்து வந்திருக்கிறேன். பேச்சு நல்லபடிதான் தொடங்கியது. ரீ வந்தது, பற்றீஸ் வந்தது, நான் கொண்டுபோன கேக்கை அனுஷாவின் அம்மா அப்போதே வெட்டிப் பரிமாறினா. கலியாணம் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில், பூசையோடு என்பதில் அவர்களுக்கு ஒரு மறுப்பும் இல்லை. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. அனுஷாவின் பெரியப்பா அவர்களுடைய புரட்டஸ்தாந்து சபையில் போதகர். பூசை முடிய அவரும் பாதருக்குப் பக்கத்தில் நின்று பிள்ளைகளுக்காக ஒரு செபம் சொல்லட்டும் என்றார்கள். பாதர் ஏற்கெனவே சம்மதித்துவிட்டார். நீயும் ஓம் என்றாய். நான்தான் கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு முதுகை நிமிர்த்தினேன்.

"தம்பி, நாங்கள் மன்னார் ஆக்கள்," என்று அனுஷாவின் அப்பாவைப் பார்த்துத் தொடங்கினேன். "ஒல்லாந்தன் வந்து இறங்கேக்கை கரையில நிண்டு ரத்தம் சிந்தின பரம்பரை. எங்கட கோயிலைப் பறிச்சு எங்கட சுவாமிமாரைத் துரத்தினவன்ர வேதத்தை எங்கட பீடத்தடியில வந்து ஓத விடேலாது."

அந்த மனுசன் கோபப்படவில்லை. சிரித்தபடிதான் சொன்னார். "அக்கா, எங்களுக்கு ஒல்லாந்தரைத் தெரியாது. என்ர அப்பப்பா காலத்திலதான் நாங்கள் வேதத்துக்கு வந்தது. அதுக்கு முதல் எங்கட வீட்டில பிள்ளையார்தான்."

அந்த இடத்தில் நானும் சிரித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவர் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று இப்போது விளங்குகிறது. ஆனால் என் வாய் நிற்கவில்லை. "அப்ப அது இன்னும் மோசம்," என்றேன். "ஒல்லாந்தனுக்குப் பயந்து மாறினதெண்டாலும் ஒரு நியாயம் இருக்கு. நீங்கள் பிள்ளையாரைக் குடுத்து உத்தியோகம் வாங்கின ஆக்கள்." சொல்லி முடித்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, நல்ல பதிலடி கொடுத்தேன் என்று. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அனுஷா படிக்கட்டில் தட்டோடு நின்றாள். அவளுடைய அம்மா எழும்பிக் கோப்பைகளை எடுத்தா. என் கோப்பையில் பாதி ரீ இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போனா.

காரில் வரும்போது ஸ்டீல்ஸ் ரோட்டைத் தாண்டும் வரைக்கும் நீ முன்னுக்கே பார்த்து ஓட்டினாய். பிறகு சொன்னாய், "அம்மா, நீங்கள் அங்க இருக்கேல்லை. அவையளும் இருக்கேல்லை. நோபடி வாஸ் தெயர், அம்மா." வீட்டு வாசலில் இறங்கும்போது, "கலியாணத்துக்கு வரவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா வாங்கோ எண்டும் என்னால சொல்ல ஏலாமக் கிடக்கு," என்றாய். உன் அப்பா போன பிறகு உன் பக்கத்தில் பெற்றவர் என்று நிற்க நான் ஒருத்திதான் இருக்கிறேன். அந்த ஒருத்தியும் வேண்டுமா என்று நீ யோசிக்கும்படி நடந்துகொண்டேனே என்று நினைத்தால் தனியாக இருக்கும்போதும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அந்தச் சண்டையைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. பாலோடு சேர்த்து ஊட்டினேன். மன்னார்த் தீவில் எங்கள் வேதத்தைக் கொண்டுவந்த போர்த்துக்கேயப் பறங்கியர் கோட்டை கட்டி இருந்தார்கள். அவர்களிடமிருந்து அதைப் பிடிக்க புரட்டஸ்தாந்து வேதக்காரரான ஒல்லாந்தர் கப்பலில் வந்தார்கள். பறங்கியர் கரையில் அகழி வெட்டிக் காத்து நின்றார்கள். கப்பலிலிருந்து பீரங்கி சுட, இறங்கினவர்கள் இறங்க, நின்றவர்களில் பலர் யாழ்ப்பாணப் பக்கம் தப்பிப் போக, கோட்டை கைமாறியது. உலகச் சரித்திரத்தில் ஒரு மூலைக்கும் காணாத சின்னச் சண்டை. இரண்டு பக்கமும் வெள்ளைக்காரன். இரண்டு பேரும் எங்களைக் கேட்டு வந்தவர்கள் இல்லை. பிறகு ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கரை நெருக்கினது உண்மைதான், சுவாமிமார் ஒளித்துத் திரிந்ததும் உண்மைதான். ஆனால் நான் சொன்ன கதையில் அந்த அகழிக்குள் எங்களுடைய பூட்டனுக்கும் பூட்டன் ஒருவர் பறங்கியரோடு நின்றார். பார்க்டேலில் நாங்கள் இருந்த ஒற்றை அறை அப்பார்ட்மென்டில் கதை சொன்ன காலத்தில் அவர் வெறுங்கையோடு நின்றார். ஸ்காபரோவுக்கு வந்த பிறகு அவர் கைக்கு ஒரு வாள் கிடைத்தது. நீ கோயிலில் முதல் நன்மை அப்பம் எடுத்த வருடம் தோளில் காயமும் பட்டுவிட்டது. உன் அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்து, "உங்கட பூட்டனுக்கு ஒல்லாந்து அரசாங்கம் இன்னும் பென்ஷன் அனுப்பேல்லையோ?" என்று கேட்பார். நான் அவரோடு ஒரு நாள் முழுக்கக் கதைக்காமல் இருப்பேன்.

ஒருமுறை கோயில் பஸ்ஸில் நயாகராப் பக்கம் போனோமே, நினைவிருக்கிறதா? வழியில் ஏரிக்கரையில் ஒரு பழைய கோட்டை. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அங்கே அடிபட்ட ஒரு சின்னச் சண்டையை அன்று நடித்துக் காட்டினார்கள். சிவப்புச் சட்டை போட்டவர் ஒருவர் பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிற்க வைத்து மரத் துவக்குக் கொடுத்தார். நீ உன் சிநேகிதனோடு ஆங்கிலேயர் வரிசையில் நின்றாய். இருவரும் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டு நின்றீர்கள். நான் எல்லாருக்கும் நடுவில் போய் உன் கையைப் பிடித்து இழுத்து மற்ற வரிசையில் விட்டேன். "பிரெஞ்சுக்காரர்தான் எங்கட வேதக்காரர்," என்றேன். நீ திரும்பித் திரும்பி அவனைப் பார்த்தாய். சண்டையில் பிரெஞ்சுக்காரர் தோற்றார்கள், நீ பஸ்ஸில் அழுதாய். தோற்றதுக்கு அழுகிறாய் என்று நினைத்து எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் ரத்தம் என்று பக்கத்து சீற் அன்ரிக்குச் சொன்னேன். அவனைவிட்டு உன்னைப் பிரித்ததுக்குத்தான் அழுதாய் என்று எனக்கு இந்த மாதம்தான் உறைத்தது. எத்தனை வருடம் கழித்து! அதுவும் நீ அனுஷாவின் கையைப் பிடிக்கப்போகிற நேரத்தில் அதே வேலையை இன்னொருமுறை செய்த பிறகு.

இனி அடுத்த வெட்கம். நீ என்னை இறக்கிவிட்டுப் போன மறுநாள் நான் மன்னாருக்கு உன் மாமாவுக்குப் போன் எடுத்தேன். மன்னிப்புக் கேட்கும் எண்ணம் அப்போது எனக்கு இல்லை. பூட்டன் கதைக்கு ஏதாவது ஆதாரம் கிடைத்தால் அனுஷாவின் அப்பாவுக்கு அனுப்பலாம் என்றுதான் எடுத்தேன். மாமா ஐஸ் லொறிக்குப் பக்கத்தில் நின்று கதைத்தார், சத்தமாகச் சிரித்தார்.

"எடியே, உனக்கென்ன விசரோ? ஆர் நிண்டது? சண்டை தொடங்க எங்கட சனம் குஞ்சு குருமனோட காட்டுக்குள்ள ஓடினதெண்டுதான் ஐயா சொல்லுறவர்."

"ஐயா அப்பிடிச் சொல்லேல்லை, அண்ணை. அகழிக்குள்ள நிண்டவர் எண்டுதான் சொன்னவர்."

"பூட்டனை அகழி வெட்டப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள், இவர் முதல் வெடியோட மண்வெட்டியைப் போட்டிட்டு ஓடிட்டார். அதைச் சொல்லிச் சொல்லி ஐயா சிரிக்கிறவரெல்லோ. ஓடினபடியாத்தானே நீயும் நானும் இருக்கிறம்."

போனை வைத்துவிட்டு குசினிக் கதிரையில் இருந்தேன். எங்களைப் பெற்ற ஐயா சிரித்துச் சிரித்துச் சொன்னது அப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மண்வெட்டியைப் போட்ட இடத்தில் அவர் கையால் நடித்துக் காட்டுவார், நாங்கள் உருண்டு சிரிப்போம். அந்தக் கதையை மாற்றினது நான்தான். எப்போது மாற்றினேன் என்றும் தெரியும். பார்க்டேலில் எங்களுடைய முதல் விண்டர், நீ கைக்குழந்தை. உன் அப்பா ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவப் போய்விடுவார், நானும் நீயும் மாத்திரம். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் மன்னார்க் கரையிலிருந்து வள்ளம் ஏறி ராமேஸ்வரத்துக்கு ஓடிவந்தவள். கரையில் பின்னுக்கு நின்றவர்கள் கூப்பிட்டது கேட்டது. வள்ளத்தில் இடமில்லை, நான் திரும்பிப் பார்க்கவில்லை. அது குற்றம் என்று ஒருவரும் என்னைச் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஓடிவந்தவள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்குச் சொல்லும் கதையில் எங்கள் ஆக்களில் ஒருவராவது நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பாவம் பூட்டன், தப்பி ஓடின மனுசனைப் பிடித்துக்கொண்டுபோய் அகழிக்குள் திரும்ப நிறுத்திவிட்டேன். பிறகு சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

உனக்காகச் சொன்ன பொய் என்றால் பெரிய பாவம் இல்லை. அதை எடுத்துக்கொண்டு போய் இன்னொருவர் வீட்டு ஹோலில் அவர்கள் முகத்தில் எறிந்ததுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது. அதுவும் யாருக்கு எறிந்தேன்? அன்று ரீ குடிக்கும்போது அனுஷாவின் அம்மா ஒரு கதை சொன்னா, நீ கவனித்தாயோ தெரியாது. ஆமிக்குப் பயந்து யாழ்ப்பாணச் சனம் முழுக்க ஊரைவிட்டு வெளிக்கிட்ட நேரம் அனுஷாவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தார்களாம். வன்னியில் ஒரு கத்தோலிக்கக் கோயிலுக்குள் பல நாள் படுத்திருந்தார்களாம். "நீங்கள் என்ன சபை எண்டு அங்க ஒருத்தரும் கேக்கேல்லை அக்கா," என்று சொன்னா. என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் அதைச் சொன்னா. நான் தலையை ஆட்டினேன், ஆனால் மனதில் வாங்கவில்லை. அடுத்து நான் பேசப்போவதை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கலியாணம் கட்டப்போகிற மகனுக்குத் தாய் புத்திமதி சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதோ தெரியாது, இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. அனுஷாவோடு சண்டை பிடி. சண்டை பிடிக்காத வீடு இல்லை. ஆனால் இன்றைய சண்டையை இன்றைய சண்டையாகவே பிடி. பழசை இழுக்காதே, அவளுடைய தாய் தகப்பனை இழுக்காதே. நான் உன் அப்பாவோடு குப்பை கொண்டுபோய் வைக்கிற விஷயத்தில் தொடங்கினாலும் கடைசியில் அவர் பிறந்த யாழ்ப்பாணத் தீவுக்குப் போய்த்தான் முடிப்பேன், தீவுக்காரர் சண்டைக்குப் பயந்து கடலைத் தாண்டி ஒளித்த ஆக்கள் என்று. அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். சிரிக்கிறவருக்கு நோகாது என்று நினைத்திருந்தேன். கடைசி வருத்தத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒருநாள், "எங்கட ஊரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை நீர் சொல்லி நான் கேட்டதில்லை," என்றார். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அப்போதும் ஏதோ பகிடி சொல்லிச் சமாளித்தேன். இன்னொன்று, அவள் தன் வீட்டுக் கதை ஏதும் சொன்னால் முழுதாகக் கேள். உன் முறை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு இராதே. இதை நான் தெரிந்து சொல்லவில்லை, தெரியாமல் கெட்டுப் போய்ச் சொல்கிறேன்.

நேற்று நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். உனக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன், அனுஷாவுக்குச் சொல்லவேண்டாம் என்று அவளுடைய அம்மாவைக் கேட்டுக்கொண்டேன். மார்க்கத்துக்கு நீ எப்போதும் காரில்தான் கூட்டிப் போவாய். நான் பஸ்ஸில் போய் இறங்கி, நடைபாதை ஒரு பக்கம்தான் இருக்கிற அந்த ரோட்டில் வழி பிழைத்து, இரண்டு கராஜ் வைத்த வீடெல்லாம் ஒரே மாதிரி இருக்க, கடைசியில் வாசலில் இருந்த அனுஷாவின் காரைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அனுஷா வேலைக்கு ரெயினில் போயிருந்தாள். தகப்பனும் இல்லை. தாய் மாத்திரம் இருந்தா. கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, "நடந்தோ வந்தனீங்கள்?" என்று கேட்டா. உள்ளே கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டா. நான் வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போனதை ஒப்புவித்தேன். நான் சொன்னது பிழை, பெரியப்பா செபம் சொல்லட்டும், பூட்டன் கதையும் பொய், அவர் ஓடினவர், நானும் ஓடினவள் என்று எல்லாம் சொன்னேன். சோற்றில் கை வைத்தபடி அழுதும்விட்டேன்.

அவ கேட்டுக்கொண்டிருந்தா. பரவாயில்லை என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லிவிடுவா என்றுதான் நான் எதிர்பார்த்துப் போனேன், அதுவே என் திமிர்தான். பிறகு நேரே பார்த்துக் கேட்டா.

"அக்கா, நீங்கள் அழுறது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஒண்டு கேக்கிறன். நாளைக்கு என்ர மகளுக்கு ஒரு பிள்ளை பிறந்தா, நாங்கள் இல்லாத நேரம் உந்தச் சண்டையை அதுக்கும் சொல்லுவீங்களோ? உன்ர அம்மாவின்ர ஆக்கள் பிள்ளையாரைக் குடுத்து உத்தியோகம் வாங்கினவை எண்டு சொல்லுவீங்களோ?"

சீச்சீ, சொல்ல மாட்டேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. அவவும் என்னை நெருக்கவில்லை. எனக்கு இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றிவிட்டு, பஸ் வரும் நேரத்தைப் போனில் பார்த்துச் சொல்லி, வாசல் வரைக்கும் வந்து அனுப்பிவைத்தா.

பஸ்ஸில் வரும்போதும், இதை எழுதும்போதும் அந்தக் கேள்விதான். அவவுக்குச் சொல்லாத பதிலை உனக்குச் சொல்கிறேன், மகனே. சொல்லியிருப்பேன். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் முகம் சுளிக்காமல், நீயும் காரில் ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால், உன் பிள்ளையை மடியில் வைத்துச் சோறு தீத்திக்கொண்டு, கோபமே இல்லாமல், கன்னத்தைக் கிள்ளிச் சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பேன். அது பாசம் என்றும் நினைத்திருப்பேன். அந்தப் பிள்ளை தன் தாயை ஒரு மாதிரித் திரும்பிப் பார்க்கும். அதையும் நான் கவனித்திருக்க மாட்டேன்.

இப்படிப்பட்டவள் நான். உன் கலியாணத்தன்று உன் பக்கத்தில் நிற்க எனக்கு எவ்வளவு ஆசை என்று எழுதினால் உன்னை மடக்குவதாகிவிடும், அதனால் எழுதவில்லை. என்னைக் கூப்பிடுவதென்றால் இதைத் தெரிந்துகொண்டு கூப்பிடு. பாவம் அம்மா என்று மட்டும் நினைத்துக் கூப்பிடாதே.

அம்மா